தலைவலி வீட்டின் சட்டம்

லோர்னா ஹெய்க்கினனுக்குத் தலைவலி வந்துவிட்டால் அந்த வீட்டில் மூச்சு விடுகிற சத்தம்கூடக் கேட்காது. டுலூத் நகரத்துப் பள்ளிக்கூடச் சமையலறையில் அத்தனை பிள்ளைகளின் கூச்சலையும் சிரித்தபடி தாங்குகிறவள், வீட்டில் கையைத் தூக்கிக் காட்டினாள் என்றால் அவ்வளவுதான். கணவன் வெர்ன் டிவியை அணைப்பான், அவளை அணைத்துக் கூட்டிப்போய்ப் படுக்க வைப்பான், ஜன்னல் திரையை இழுத்துவிட்டுக் கதவைச் சாத்துவான். கல்யாணமான புதிதில் பாவம் பார்த்து நெற்றியைத் தடவப் போய் அவன் வாங்கிக் கட்டிக்கொண்டது கொஞ்சமல்ல. அன்றிலிருந்து அவளாகக் கதவைத் திறக்கும்வரை உள்ளே போகமாட்டான். சொன்ன பேச்சைத் தட்டாத மனிதன். அதுதான் வினையாகப் போனது.

லோர்னாவின் அம்மாவும் தலைவலி என்றுதான் படுத்தாள். எழுந்திருக்கவில்லை. அதனால் ஒவ்வொரு முறை கண்ணில் வெளிச்சம் நெளியத் தொடங்கும்போதும் இதுதான் கடைசியோ என்று லோர்னாவுக்குப் பயம் வரும். யாரிடமும் சொன்னதில்லை. அந்தப் பயத்தில்தான் போன இலையுதிர்காலத்தில், ஒற்றைத் தலைவலிக்காரர்களை வைத்து ஆஸ்பத்திரியில் நடந்த ஓர் ஆராய்ச்சிக்குப் பெயர் கொடுத்தாள். நெற்றிப் பொட்டில் ஒரு கருவியை வைத்து, மூச்சை அடக்கச் சொல்லி, மூளையின் ரத்தக்குழாய்கள் எப்படி விரிகின்றன என்று பார்த்தார்கள். அவளுடையவை சோம்பலாகத்தான் விரிந்தன.

"இதனால நாளைக்கே ஏதோ ஆயிடும்னு அர்த்தமில்ல," என்றாள் நடோ என்ற இளம் டாக்டர். "ஆனா ஒண்ணு ஞாபகம் வெச்சுக்குங்க. உங்க தலைவலி ஊர்ந்துதான் வரும். மொதல்ல வெளிச்சம், அப்புறம் விரல் மரத்துப் போறது, அப்புறம் வலி. பக்கவாதம் பெரும்பாலும் சட்டுனு அடிக்கும். அப்படி வந்தா போய்ப் படுத்துடாதீங்க, உடனே ஆம்புலன்ஸக் கூப்பிடணும். வீட்லயும் சொல்லி வைங்க."

வீட்டில் சொல்லவில்லை. வெர்ன் கேட்டபோது, "கொழாயெல்லாம் உன் வண்டி மாதிரியாம். பழசுதான், ஆனா ஓடுமாம்," என்று சிரித்து மழுப்பிவிட்டாள். வாய்விட்டுச் சொன்னால் நடந்துவிடுமோ என்று பயம்.

ஜனவரியில் ஒரு சனிக்கிழமை காலை. வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. காபிக் கோப்பை அவள் வலது கையிலிருந்து நழுவி விழுந்தது. வெளிச்சம் வரவில்லை, எதுவும் ஊரவில்லை. வலது பக்கம் முழுவதும் ஒரே நொடியில் இல்லாமல் போனது. அவனைக் கூப்பிட வாயெடுத்தாள், குழறல்தான் வந்தது. பதறி இடது கையைத் தூக்கினாள்.

வெர்ன் பார்த்தான். டிவியை அணைத்தான். வழக்கம்போல அவளைத் தோளில் சாய்த்து, கிட்டத்தட்டத் தூக்கிக்கொண்டே போய்ப் படுக்க வைத்தான். இது அதில்லை, இது அதில்லை என்று அவள் மனசு கிடந்து அலறியது. நாக்கு பிசைந்த மாவாகக் கிடந்தது.

"பேசாத," என்று காதோரம் கிசுகிசுத்தான். "நான் பாத்துக்கறேன்."

திரையை மூடினான். இருட்டில் அவள் முகம் அவனுக்குத் தெரியாது. கதவு சாத்திவிட்டால் சாயங்காலம்வரை யாரும் வரமாட்டார்கள், அம்மாவைப் போல இங்கேயே போய்விடுவோம் என்று பயந்தாள். போர்வையை இழுத்துவிட அவன் குனிந்தபோது, இடது கையால் அவன் சட்டையைப் பிடித்தாள். அவன் பொறுமையாக அவள் விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்தான். மறுபடி பிடித்தாள். பட்டன் தெறித்தது.

தலைவலியில் கிடக்கும்போது அவள் யாரையும் தொட்டதே இல்லை. வெர்ன் அப்படியே நின்றான். அந்த அறையில் அவன் ஒருநாளும் செய்யாததைச் செய்தான். விளக்கைப் போட்டான். அவள் வாயின் வலது ஓரம் தொங்கிக் கிடந்தது.