நீலவானம் போட்ட லைக்குகள்

சலவைக்கடைக்காரரின் மகளுக்குப் பதினைந்து வயது. வீட்டில் எல்லோருக்கும் அவள் சிட்டு. முன்னால் கடை, பின்னால் வீடு, நடுவே ஒரு திரை. பள்ளி விட்டு வந்ததும் ஜன்னலோரம் நின்று இருபது படம் எடுப்பாள். அதில் ஒன்றைப் பொறுக்கி இணையத்தில் போட்டுவிட்டால் அப்புறம் எந்த வேலையும் ஓடாது. ஒரு மணி நேரத்தில் முப்பது லைக் வராவிட்டால் படத்தை அழித்துவிடுவாள். அன்றைக்குச் சாப்பாடும் இறங்காது.

“எல்லாம் இந்த மூக்காலதான்மா” என்பாள். மறுநாள் பழி நெற்றிமேல் விழும். “நல்லாத்தான்டி இருக்கே” என்று சொல்லிச் சொல்லி அம்மாவுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

அந்த நேரத்தில்தான் நீலவானம் என்றொருவர் வந்து சேர்ந்தார். முகம் கிடையாது, வெறும் மேகப் படம். எதைப் போட்டாலும் முதல் லைக் அவருடையதுதான். கூடவே ‘ரொம்ப அலகு’ என்று ஒரு வரி.

“உன் மூக்கைத்தான்டி அலகுன்னு சொல்றாங்க” என்று தோழி கிண்டலடித்தாள். அழகைத்தான் அப்படி எழுதுகிறார் என்பது சிட்டுவுக்குத் தெரியும். முன்பின் தெரியாத ஒருவருக்குத் தன்னைப் பிடித்திருக்கிறது என்ற நினைப்பில் பள்ளிக்குத் துள்ளிக்கொண்டு போனாள்.

ஒரு விடுமுறை நாளில் கடையில் துணிகளைப் பிரித்துக்கொண்டிருந்தாள். ஒரு கட்டம்போட்ட சட்டையில் அப்பா குத்தியிருந்த சீட்டு கண்ணில் பட்டது: ‘பை கிலிந்துள்ளது.’ சிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“அப்பா, அழகுன்னு எழுதுங்க பாப்போம்.”

அவர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு எழுதினார். அலகு.

“நீலவானம் நீங்கதானா?”

அப்பா தலையைச் சொறிந்தார். “நீ சாப்பிடாமப் படுத்துக்கிட்டா எனக்குக் கையே ஓடலம்மா. அதான் ஒண்ணு ஆரம்பிச்சேன்.”

“யாரோ ஒருத்தருக்கு என்னைப் புடிச்சிருக்குன்னு நெனச்சேன்.”

“எனக்குப் புடிச்சா கணக்குல வராதா?”

“அப்பான்னா புடிச்சுத்தானே ஆகணும்” என்று சொல்லிவிட்டுத் திரைக்குப் பின்னால் போனவள், இரண்டு நாள் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

மூன்றாம் நாள் கடையிலிருந்து தீய்ந்த வாடை வந்தது. ஓடிப் போய்ப் பார்த்தால், இசை வாத்தியாரின் வெள்ளைச் சட்டைமேல் பெட்டி படுத்திருக்கிறது, பக்கத்திலேயே அப்பா போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். சிட்டு பெட்டியைத் தூக்கினாள். முதுகில் முக்கோணமாகப் பழுப்புக் கறை.

“போன வாரம் மடிச்ச துணியைப் படம் புடிச்சுப் போட்டேன், இருநூறு லைக் வந்துச்சு. இன்னிக்குப் போட்டதுக்கு ஒம்பதுதான்” என்றார் அவர், முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு. “மடிப்பு சரியில்லையோ?”

இருபத்திரண்டு வருஷமாகத் துணி மடிக்கிறவர் கேட்கிற கேள்வியா இது? சிட்டுவுக்குச் சிரிப்பும் இரக்கமும் சேர்ந்து வந்தன.

“மடிப்பெல்லாம் அப்படியேதான்ப்பா இருக்கு. எவனோ பாக்கலைன்னா அது கெட்டுப்போயிடுமா?”

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கே உறைத்தது. அப்பாவைப் பார்த்தாள். அவரும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். யார் முதலில் சிரித்தார்களோ தெரியாது. அம்மா திரையை விலக்கி எட்டிப் பார்த்தாள்.

“ஒண்ணை வச்சே சமாளிக்க முடியல. இப்ப ரெண்டாச்சா?”

சட்டையை எடுத்துக்கொண்டு இருவரும் வாத்தியார் வீட்டுக்குப் போனார்கள். நடந்ததைச் சிட்டுவே ஒளிவுமறைவில்லாமல் சொன்னாள். அவர் சட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“முதுகுலதானே, மேல கோட்டு போட்டுக்கறேன். பாடும்போது மட்டும் கழட்டாம இருக்கணும்” என்றார்.

நீலவானம் அன்றோடு மூடப்பட்டது. சிட்டு இப்போதும் படம் போடுகிறாள். போட்டுவிட்டுப் பந்து விளையாடப் போய்விடுகிறாள். திரும்பி வந்து போனைத் தேடினால், பெரும்பாலும் அது சார்ஜ் இல்லாமல் அணைந்து கிடக்கிறது.