முசரவாக்கத்துக்கு மின்சார சைக்கிளில்

கும்பகோணத்திலிருந்து காஞ்சிபுரத்துக்கு நேராகப் போகும் பேருந்து விடியும் முன்பே கிளம்பிவிடுகிறது. விழுப்புரம், திண்டிவனம், வந்தவாசி வழி. டிக்கெட் நூற்றுப் பத்து ரூபாய். 2009-ஆம் ஆண்டு ஆடி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில் அதில் ஏறினேன். காஞ்சிக்கு என்றதும் பக்கத்து இருக்கைக்காரர், "கோயிலா, பட்டா?" என்று விசாரித்தார்.

"சைக்கிள்" என்றேன்.

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

விஷயம் இதுதான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஓடும் பேருந்திலிருந்து இறங்கப்போய் என் வலது முழங்காலில் ஜவ்வு கிழிந்தது. அறுவைச் சிகிச்சை செய்த டாக்டர், "நடங்க, ஆனா பெடலை அழுத்தி மிதிக்காதீங்க" என்று சொல்லிவிட்டார். முப்பது வருஷம் சைக்கிளில் வேலைக்குப் போனவன் நான். அப்போதுதான் சாதாரண சைக்கிளிலேயே மாட்டிக்கொள்ளும் மின்சார மோட்டார் செட் பற்றி விளம்பரம் பார்த்தேன். முன்சக்கரத்தின் நடுவில் மோட்டார், கேரியரில் பாட்டரி, கைப்பிடியில் ஒரு முறுக்கு. பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய். தஞ்சாவூரில் கேட்ட கடைகளிலெல்லாம் அதன் பெருமையைச் சொன்னார்கள். ஒரு வருஷத்துக்கு மேல் ஓட்டின ஆளை மட்டும் யாராலும் காட்ட முடியவில்லை.

என் தங்கைதான் வழி சொன்னாள். அவளோடு நர்ஸ் பயிற்சியில் ஒன்றாகப் படித்த சரளா, முசரவாக்கம் பகுதியில் கிராம நர்ஸ். சின்ன வயதில் போலியோ வந்து இடது கால் மெலிந்தவர். "அவ மூணு வருஷமா அந்த சைக்கிள்லதான் போறா. போய்க் கண்ணால பாத்துட்டு வாண்ணா" என்றாள்.

மதியம் காஞ்சியில் இறங்கி, டவுன் பஸ்ஸில் செவிலிமேடு போய்ச் சேர்ந்தேன். பாலாற்றுப் பாலத்துக்கு இந்தப் பக்கம் புதுப்புது வீடுகள். சரளாவின் வீட்டை முகவரி இல்லாமலே கண்டுபிடிக்கலாம். தெருவிலேயே தறிச் சத்தம் கேட்கிற ஒரே வீடு அது. அவருடைய கணவர் முருகேசன் தறிக்குழியிலிருந்து எழுந்து வந்தார். நாற்பது வயதிருக்கும்.

"வாங்க சார். சரளா சாயங்காலம்தான் வரும். சைக்கிள் பாக்க வருவீங்கன்னு சொல்லிச்சு. என்னோடதும் ஒண்ணு இருக்குது, பாருங்க."

மனைவியின் சைக்கிள் நன்றாக ஓடுவதைப் பார்த்து, போன வருஷம் தனக்கும் ஒன்று மாட்டிக்கொண்டாராம். நெய்த சேலையைக் கொண்டுபோய்க் கொடுக்கவும் ஜரிகை வாங்கி வரவும் அதில்தான் போகிறார். குனிந்து பார்த்தேன். ஒயர் இணைப்புகளில் டேப்புக்கு அடியில் கழிவுப் பட்டு நூலை நெருக்கமாகச் சுற்றியிருந்தார். "ரோடு அதிர்ச்சியில ஜாயிண்ட் வுட்டுப்போவும் சார். பட்டு சுத்தினா அசையாது" என்றார்.

சரளா வந்ததை நான் கவனிக்கவே இல்லை. சத்தமே கிடையாது. நிமிர்ந்தபோது வாசலில் பச்சைநிற லேடீஸ் சைக்கிள் நிற்கிறது, நீலப் புடவையில் ஒரு பெண் சிரித்துக்கொண்டே இறங்குகிறார்.

"பயந்துட்டீங்களாண்ணா? ஊர்ல மாடுங்களே பயப்படுது. அதான் மணி அடிச்சிக்கினே போவேன்."

அன்று இரவுச் சாப்பாட்டின்போது இருவரும் அந்த மூன்று வருஷக் கதையைச் சொன்னார்கள். ஒருவர் விட்ட இடத்தை மற்றவர் பிடித்துக்கொண்டார். முதல் செட் பாட்டரி பதினான்கு மாதத்தில் செத்துவிட்டது. முழுக்கத் தீர்ந்த பிறகுதான் சார்ஜ் போட வேண்டும் என்று யாரோ சொன்னதைக் கேட்டதன் பலன். இப்போது தினமும் போடுகிறார்கள்; இரண்டாவது செட் இன்னும் உழைக்கிறது. மோட்டாரின் கனத்துக்கு முன்சக்கரக் கம்பிகள் அடிக்கடி முறிந்தன; தடித்த கம்பியாக மாற்றினார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏரி பார்க்கலாம் என்று தென்னேரி வரைக்கும் போனபோது மழையில் மோட்டாரை இயக்கும் கன்ட்ரோலர் பெட்டிக்குள் தண்ணீர் போய்ப் புகை வந்ததாம்.

"இது அழுதுக்கினே மிதிச்சுது. நான் பின்னாலயே வாடகை சைக்கிள்ல" என்றார் முருகேசன்.

"நான் எங்கப்பா அழுதேன்? மழைத் தண்ணி" என்றார் சரளா.

"முப்பது கிலோமீட்டர் போவும்னு பெட்டியில போட்டிருக்குது சார். நம்பிடாதீங்க. இருபது, இருபத்திரண்டு. அதுக்குள்ள திட்டம் போட்டா இது உங்களைக் கைவுடாது" என்றார் முருகேசன்.

எனக்கு இந்தப் பேச்சு பிடித்திருந்தது. கடைக்காரர்கள் யாரும் சொல்லாத குறைகளை எல்லாம் சொன்னார்கள். ஆனால் வண்டியை விற்றுவிடலாம் என்ற எண்ணம் அவர்கள் பேச்சில் ஓரிடத்திலும் எட்டிப் பார்க்கவில்லை.

புதன்கிழமை காலை எட்டு மணிக்கு, முருகேசனின் சைக்கிளை நான் இரவல் வாங்கிக்கொண்டு சரளாவோடு கிளம்பினேன். முசரவாக்கம் பன்னிரண்டு கிலோமீட்டர். லேசாக ஒரு மிதி, கைப்பிடியில் ஒரு முறுக்கு. யாரோ பின்னாலிருந்து முதுகில் கைவைத்துத் தள்ளுவதுபோல் வண்டி நகர்ந்தது. இரண்டு வருஷத்துக்குப் பிறகு சைக்கிளில் முகத்தில் காற்று.

நெசவாளர் தெருக்கள் வழியாகப் போனோம். ஓரிடத்தில் தறியில் ஏற்றும் நீள இழைகளான சிவப்புப் பட்டுப் பாவு ஒன்றைத் தெரு நீளத்துக்கும் விரித்துக் கட்டி, ஆணும் பெண்ணுமாக இழை சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். இறங்கி ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனோம். ஸ்டாண்டில் நின்ற ஆட்டோக்காரர் ஒருவர், "நர்சம்மா, லிட்டருக்கு எவ்ளோ குடுக்குது?" என்று கத்தினார். "உன் வண்டிய தள்ளுறதுக்கு ஆள் வேணும்னா சொல்லு" என்றார் சரளா, நிறுத்தாமலே. ஊர் தாண்டியதும் இருபுறமும் நாற்றங்கால், தூரத்தில் ஏரிக்கரைப் பனைகள்.

முசரவாக்கம் போகும் பஸ் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. நடுவில் சுற்றியுள்ள குடியிருப்புகளுக்கெல்லாம் முன்பு அவர் நடந்தே போயிருக்கிறார். கால் தாங்காமல், ஊருக்குள் உட்கார்ந்து பார்க்கும் வேலைக்கு மாறிவிடலாம் என்று யோசித்த சமயத்தில்தான் இந்த மோட்டார் வந்தது. அன்று காலை அவரோடு ஐந்து வீடுகளுக்குப் போனேன். ஒவ்வொரு வாசலிலும் மணிச் சத்தம் கேட்டே ஆட்கள் வெளியே வந்தார்கள்.

மதியம் துணை சுகாதார நிலையத்தில் இரண்டு வண்டிக்கும் சார்ஜ் போட்டுவிட்டுச் சாப்பிடுவதாக ஏற்பாடு. போனால் மின்சாரம் இல்லை. வர இரண்டு மணி நேரமாவது ஆகும் என்றார்கள். இரண்டு வண்டியிலும் பாட்டரி அளவைக் காட்டும் விளக்குகளில் கடைசி ஒன்றுதான் எரிந்தது. காத்திருக்கலாம் என்று சோற்றுப் பாத்திரத்தைத் திறந்தோம்.

அப்போது மாத்திரை வாங்க ஓர் அம்மா வந்தார். சரளா அவரிடம், "செல்வி எங்க? இன்னிக்கு வரச் சொன்னேனே" என்று கேட்டார். செல்வி அவருடைய மருமகள். தலைப்பிரசவம், எட்டாவது மாதம்.

"அவ ஆத்தா வூட்டுக்குப் பூட்டா நர்சம்மா. நேத்துலேர்ந்து தலைவலி தலைவலின்னு சொல்லிக்கினு இருந்தா. கண்ணுல பூச்சி பறக்குற மாதிரி இருக்குதாம். தூங்கினா சரியாப்பூடும்னு நான்தான் அனுப்பினேன்."

சரளா பாத்திரத்தை மூடினார். அதற்குள் அவர் முகம் மாறியிருந்தது.

"அண்ணா, அது ஏரிக்கு அந்தாண்ட, நாலு கிலோமீட்டர். அங்க யார்கிட்டயும் போன் இல்ல. நான் போறேன். நீங்க இங்க இருங்க."

"ஆம்புலன்ஸை நேரா அங்க அனுப்பச் சொல்ல முடியாதா?"

"வந்தா ஏற மாட்டா. ஆபரேஷன்னா அவளுக்கு உயிரே போயிடும். போன மாசம் வந்த வண்டிய திருப்பி அனுப்பிட்டாங்க. நான் பக்கத்துல நின்னாத்தான் வருவா."

தனியாக விட மனம் வரவில்லை. நானும் கிளம்பினேன். ஏரிக்கரை மண்பாதையில் பாதி தூரம்வரை வண்டிகள் ஓடின. முதலில் என் விளக்கு அணைந்தது, சற்று நேரத்தில் அவருடையதும். பாட்டரியும் மோட்டாருமாகச் சேர்ந்து கனக்கிற சைக்கிளை அவர் வலது காலாலேயே மிதித்தார். இடது கால் பெடலோடு சும்மா சுற்றியது. நான் இறங்கி என் வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் பின்னால் போனேன். அவர் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது வாசற்படியில் செல்வியை உட்காரவைத்து, கையில் பட்டையைச் சுற்றி ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருந்தார். செல்விக்கு இருபது வயதிருக்கும். முகமும் காலும் வீங்கியிருந்தன. மேல் அளவு நூற்று எழுபதைத் தாண்டியிருந்தது. சரளா தன் செல்போனில் ஆம்புலன்ஸுக்குச் சொன்னார். பிறகு செல்வியின் முன்னால் மண்ணிலேயே உட்கார்ந்தார்.

"நான் வரமாட்டேன் நர்சம்மா. வயித்த அறுத்துடுவாங்க."

"அறுத்தாலும் நான் பக்கத்துலயே இருப்பேன். இப்பிடியே வுட்டா உனக்கு வலிப்பு வரும் செல்வி. அப்புறம் நான் சொல்றத கேக்குறதுக்கு நீ இருக்க மாட்ட. எழுந்திரும்மா."

அவ்வளவு நேராக அவர் பேசுவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. செல்வி அவர் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். ஆம்புலன்ஸ் வந்தது. சரளாவும் அதிலேயே ஏறிப் போய்விட்டார்.

பெயர் தெரியாத குடியிருப்பில், சார்ஜ் தீர்ந்த இரண்டு சைக்கிள்களோடு நான் நின்றேன். செல்வியின் அப்பா மாணிக்கம் பம்புசெட் கொட்டகையைத் திறந்துவிட்டார். கரண்டு வந்ததும் அங்கே இரண்டையும் மாட்டினோம். கஞ்சியும் ஊறுகாயும் கொடுத்தார். தான் எதுவும் சாப்பிடவில்லை. சார்ஜரில் எரிகிற சிவப்பு விளக்கையே பார்த்துக்கொண்டு, "நர்சம்மா நாளைக்கி வந்திருந்தா?" என்றார்.

மாலை பஸ்ஸில் வந்து இறங்கி, அங்கிருந்து நடந்தே முருகேசன் வந்து சேர்ந்தார். வந்தவர் முதலில் மாணிக்கத்தின் கையைப் பிடித்தார்.

"பொண்ணு பொறந்திருக்குது. சின்னதா இருக்குதாம், கண்ணாடிப் பெட்டியில வச்சிருக்காங்க. பயம் இல்லையாம். செல்வி நல்லா இருக்குது. சரளா போன் பண்ணிச்சு."

மாணிக்கம் கொட்டகைக்குப் பின்னால் போய்விட்டார். வெகுநேரம் கழித்துத்தான் வந்தார்.

முருகேசன் மனைவியின் பச்சைச் சைக்கிளிலும் நான் அவருடைய சைக்கிளிலுமாகத் திரும்பினோம். அந்தி வெளிச்சம் போகும் முன் ஊர் எல்லை வந்துவிட்டது. வழி முழுக்க அவர் ஒரே ஒரு தடவைதான் பேசினார்: "இது வாங்கறப்ப எங்க வூட்ல எல்லாரும் சிரிச்சாங்க சார்."

வியாழக்கிழமை காலை நான் பேருந்து நிலையத்துக்குக் கிளம்பியபோது, ராத்திரி ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியிருந்த சரளா வழக்கம்போல் முசரவாக்கத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். வலது தொடையில் வலி இருக்கிறது என்று மட்டும் சொன்னார்.

ஊர் திரும்பி அடுத்த மாதமே வாங்கிவிட்டேன். கும்பகோணத்துத் தெருக்கள் காஞ்சியைவிடக் குறுகல். கோயில் கூட்டம் இரண்டு ஊரிலும் ஒன்றுதான். ஊருக்கு வெளியே காவிரிக்கரையோரம் இந்த வண்டிக்கென்றே போட்டதுபோல் மேடு பள்ளமில்லாத சாலை. எட்டு மாதம் ஓட்டிவிட்டேன். கம்பி இரண்டு தடவை முறிந்தது, முருகேசன் சொன்னபடியே தடித்ததாக மாற்றினேன். தினமும் சார்ஜ் போடுகிறேன்.

வாங்கிய முதல் ஞாயிற்றுக்கிழமை சுவாமிமலையில் இருக்கும் என் அக்கா வீட்டுக்குப் போனேன். கால் அடிபட்ட பிறகு யாராவது வண்டியில் பின்னால் உட்காரவைத்து அழைத்துப் போனால்தான் அங்கே போவேன். அக்கா வாசலுக்கு வந்து, எனக்குப் பின்னால் தெருவைப் பார்த்தாள்.

"யார்கூட வந்தே?" என்றாள்.

"தனியாத்தான்" என்றேன்.