வீட்டுக்குள் ஒரு செருப்பு

கடலூரில் கூட்டம் முடிந்து சிதம்பரத்துக்குப் பஸ் ஏறியபோது எனக்கு அப்படி ஒரு ஆத்திரம். சர்க்கரை நோயால் கால் மரத்துப்போனவர்களுக்கு எங்கள் சுகாதார நிலையத்தில் மெத்தென்ற ரப்பர் செருப்பு கொடுக்கிறோம். அதை நிறுத்தப் போகிறார்களாம்.

"செலவுதான் ஜாஸ்தி ஆவுது சிஸ்டர். புண்ணு எங்க கொறையுது?" என்று கூட்டத்தில் கேட்டார் மாவட்ட அதிகாரி. கெஞ்சிக் கூத்தாடி மூன்று மாதம் தவணை வாங்கினேன்.

அவர் சொன்னதும் பொய்யில்லை. எங்களிடம் வரும் மீனவ அண்ணன் ஒருவருக்கு ஏற்கெனவே ஒரு விரல் போயிருந்தது. பாதத்துப் புண் ஆறவேயில்லை. இனியும் பரவினால் காலையே எடுக்க வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்புறம் அந்த மனுஷன் படகில் எப்படி நிற்பார்?

மறுநாள் காலை நிலையத்துக்குள் நுழையும்போதுதான் கவனித்தேன். நாங்கள் கொடுத்த செருப்பெல்லாம் வாசலில் கிடந்தன. உள்ளே அத்தனை பேரும் வெறுங்காலோடு! 'செருப்பை வெளியே விடவும்' என்று அங்கே போர்டு மாட்டிய மகராசி நானேதான்.

அண்ணனைப் பிடித்தேன். "வூட்லயாவது போடுறீங்களாண்ணே?"

"என்னா சிஸ்டர், சாமி படம் இருக்குற வூட்டுக்குள்ள செருப்போடவா நடப்பாங்க? புண்ணு வந்ததுலேர்ந்து கடலுக்கும் போவல. நாள் பூரா வூட்லதான் கெடக்குறேன்."

தலையில் அடித்துக்கொண்டேன். போர்டைக் கழற்றி எறிந்தேன். இருப்பில் இருந்ததை எடுத்து ஆளுக்கு இன்னொரு ஜோடி கொடுத்தேன். அண்ணன் வீட்டுக்கு நானே கொண்டுபோனேன்.

"இது தெருவையே பாக்காத செருப்பு. சாமி கோச்சுக்கிட்டா என்மேல பழியப் போடுங்க."

அவர் மனைவி சாமி படத்தைப் பார்த்தார், புருஷன் காலைப் பார்த்தார். "போட்டுக்கய்யா" என்றார்.

மூன்றாம் மாதம் அண்ணனையும் கடலூருக்குக் கூட்டிப்போனேன். கூட்ட அறை வாசலில் பியூன் மறித்தார். "செருப்பக் கழட்டிட்டுப் போங்க."

"கழட்டித்தான்யா ஒரு வெரல வுட்டேன்" என்று சொல்லிவிட்டு, அண்ணன் செருப்போடு உள்ளே போனார்.

ஒரு காலை எடுப்பதற்கு ஆகும் செலவில் எத்தனை ஜோடி வாங்கலாம் என்று நான் எழுதிக்கொண்டுபோன தாளை அதிகாரி இரண்டு தடவை படித்தார். பிறகு, "புண்ணக் காட்டுங்க" என்றார்.

அவ்வளவு பெரிய அதிகாரிக்கு எதிரே நாற்காலியில் அமர்ந்து, ஜம்மென்று கால்மேல் கால் போட்டார் அண்ணன். செருப்பைக் கழற்றிப் பாதத்தைத் திருப்பினார். புண் இருந்த இடத்தில் தழும்புதான் இருந்தது.

"ஆளுக்கு ரெண்டு ஜோடியாவே குடுங்க சிஸ்டர்" என்றார் அதிகாரி.

அண்ணன் காலை இறக்கவேயில்லை. நானும் இறக்கச் சொல்லவில்லை.