அடைப்பு இல்லை, காத்துதான்

உள்ளங்கைக்குள் ஒளித்துவிடக்கூடிய சின்னப் பச்சைக் குப்பி அது. மூடியைத் திறந்தால் கற்பூரமும் புதினாவும் கலந்த காரம் முதலில் கண்ணில்தான் ஏறும், பிறகுதான் மூக்கு. தொழிற்சாலைப் பேருந்து ஜார்ஜ் டவுனை விட்டு விரைவுச்சாலையில் ஏறியதும் லீடர் அக்கா அதைக் கைப்பையிலிருந்து எடுப்பார். நெற்றிப்பொட்டு இரண்டும், பிடரி, மேல்வயிறு. இந்த வரிசை மாறாது. தடவி முடித்ததும் சன்னலை முழுக்கத் திறந்துவிட்டு, முகத்தைக் காற்றுக்குக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பினாங்குத் தீவிலிருந்து அக்கரைக்குப் போகும் கடற்பாலம் முடிவதற்குள் வாசனை போயாக வேண்டும். அக்கரையில் பிறை என்ற ஊரில் இருக்கும் எங்கள் தொழிற்சாலையின் தூய்மை அறைக்குள் தைலம், பவுடர், மை எதையும் பூசிக்கொண்டு போகக்கூடாது. அதன் துகள் நாங்கள் செய்யும் மின்னணுச் சில்லுகளின் மேல் படிந்துவிடும். ஓட்டுநர் அண்ணன் தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் பார்த்தபடி, "லீடர் காத்தத் தொறந்துட்டாங்க, எல்லாரும் சன்னலத் தொறங்கலா" என்பார். பேருந்து முழுவதும் சிரிக்கும். அக்காவும் சிரிப்பார்.

காத்து என்பது எங்கள் தொழிற்சாலையில் எல்லாருக்கும் பொதுவான நோய். மலாய்ப் பெண்கள் ஆங்கின் என்பார்கள், நாங்கள் காத்து என்போம், சீனப் பெண்களும் அவர்கள் மொழியில் அதையே சொல்வார்கள். வயிறு உப்பினால் காத்து, தலை கனத்தால் காத்து, தோள் பிடித்துக்கொண்டால் காத்து, நெஞ்சு அடைத்தாலும் காத்து. இந்தச் சொல்லில் ஒரு வசதி இருக்கிறது. வெளியிலிருந்து வந்து உடம்புக்குள் புகுந்துகொண்ட ஒன்று என்றால், தேய்த்து வெளியே அனுப்பிவிடலாம். அதற்காக யாரும் வேலையையோ வீட்டையோ குறை சொல்ல வேண்டியதில்லை, மருத்துவரிடம் எம்.சி. விடுப்பு எடுத்து ஒரு நாள் படுக்க வேண்டியதும் இல்லை. லீடர் அக்கா எம்.சி. எடுத்து நான் பார்த்ததில்லை. எது கேட்டாலும் அவரிடம் இருந்த பதில், "பரவால்லலா, சமாளிக்கலாம்."

அவரை எல்லாரும் லீடர் அக்கா என்றே அழைத்தோம். ஓர் உற்பத்தி வரிசைக்குத் தலைவி, ஐம்பதைத் தாண்டியவர். கணவர் தொலைதூர லாரி ஓட்டுபவர் என்பதால் டத்தோ கிராமாட் சாலைப் பக்கத்து அடுக்குமாடி வீடு பெரும்பாலும் அவர் பொறுப்பில்தான் இருந்தது. நானும் அதே நிறுத்தத்தில் ஏறுவேன். பாலத்து நெரிசலில் கார் ஓட்டுவதைவிடப் பேருந்தில் தூங்குவது மேல் என்று நினைத்த ஒரே பொறியாளர் நான்தான்.

என் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும். சில்லுகளை வதைப்பது. அதற்கு நாங்கள் வைத்திருக்கும் பெயரே ஸ்ட்ரெஸ் டெஸ்ட். ஒரு தொகுதியிலிருந்து கொஞ்சம் எடுத்து அடுப்பில் வேகவைப்போம், உறையவைப்போம், மறுபடி வேகவைப்போம், தாங்க வேண்டியதைவிடக் கூடுதலாக மின்னழுத்தம் கொடுப்போம். வாடிக்கையாளர் கையில் பல வருடங்களில் அவை படப்போகும் பாட்டைச் சில வாரங்களுக்குள் கொடுத்துப் பார்ப்பதுதான் நோக்கம். முடிந்ததும் ஒவ்வொன்றையும் அளந்து, தேறியது, தேறாதது என்று பிரிப்போம். அதன் பிறகு ஒரு விதி உண்டு: தேறியவற்றையும் விற்கக்கூடாது. அளவுகள் எல்லாம் புதிதுபோலவே இருக்கும். ஆனால் உள்ளே எவ்வளவு செலவாகிவிட்டது என்பதை எங்கள் கருவிகள் சொல்லாது. ஆகவே எல்லாவற்றையும் கழித்துவிடுவோம்.

ஒருநாள் ஏதோ மாதிரிகளைக் கொடுப்பதற்காகச் சோதனைக்கூடத்துக்கு வந்த அக்கா, நான் தேறிய தட்டைக் கழிவுப் பெட்டியில் கவிழ்ப்பதைப் பார்த்துவிட்டார். "பாஸ் ஆனதயுமா தூக்கிப் போடுறீங்க?" என்றார். விதியைச் சொன்னேன். "பாவம்லா. இவ்வளோ அடி வாங்கி பாஸ் ஆயிருக்கு. என் கிட்டயாச்சும் குடு, தோடு பண்ணிப் போட்டுக்கிறேன்." ஒன்றை எடுத்துக் காதருகே பிடித்து, எப்படி இருக்கு என்பதுபோலத் தலையைச் சாய்த்துக் காட்டினார். பிறகு அதையும் அவரே பெட்டிக்குள் போட்டார். அந்தத் தலைச்சாய்ப்பு எனக்கு இன்றும் கண்ணுக்குள் நிற்கிறது.

அடுத்த வரிசையின் தலைவர் வேலையை விட்டுவிட்டுச் சிங்கப்பூர் போனார். வேறு ஆள் வரும்வரை இரண்டு வரிசையையும் பார்த்துக்கொள்ள முடியுமா என்று அக்காவிடம் கேட்டார்கள். அவர் என்ன சொல்லியிருப்பார் என்பதை நான் எழுத வேண்டியதில்லை. வேறு ஆள் வரவில்லை. அந்த வருடத்தில்தான் அவர் உடம்பு ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கியது. என் பழக்கத்தால் நான் அவற்றை மனத்துக்குள் வரிசைப்படுத்தி வைத்திருந்தேன். முதலில் பல். தூக்கத்தில் கடித்துக் கடித்துக் கடைவாய்ப் பல் ஒன்று நெடுக்காக விண்டுவிட்டது. கறிக்குழம்பு எலும்பைக் கடித்ததால் என்றார். பிறகு முடி. தூய்மை அறையின் வெள்ளைத் தலையுறையைக் கழற்றும்போது உள்ளே கொத்தாக இருக்கும். சவர்க்காரம் சரியில்லை என்றார். மணிக்கட்டில் அரிப்பு, கையுறையால். சோறு பாதியிலேயே போதுமாகிவிடுவது வெயிலால். விடிவதற்கு வெகுமுன்பே விழிப்பு வந்துவிடுவது வயசால். இவற்றில் எதோடும் சேர்க்க முடியாமல் மிச்சமாக நின்றது நெஞ்சில் ஒரு பிடிப்பு. அது காத்து. ஒவ்வொன்றுக்கும் ஒரு தனிக் காரணம் இருந்தது. ஒவ்வொரு காரணமும் நம்பும்படியாகவும் இருந்தது. எல்லாவற்றுக்குமாக ஒரே காரணம் இருக்கலாம் என்பதை யாருமே பேசவில்லை.

அது நடந்தது ஒரு முற்பகலில். வாடிக்கையாளர் நிறுவனத்திலிருந்து ஆட்கள் வந்திருந்தார்கள். தூய்மை அறைக்குள் எல்லாரும் தலைமுதல் கால்வரை வெள்ளை உடையில் இருப்போம். கண் மட்டும்தான் தெரியும். ஆளை நடையை வைத்துத்தான் அடையாளம் காண்போம். இரண்டு வரிசைகளுக்கும் நடுவில் அக்கா நின்றுகொண்டிருந்தார். வந்தவர்களில் ஒருவர் ஏதோ கேட்க, பதில் சொல்லத் திரும்பியவர் திரும்பிய நிலையிலேயே நின்றுவிட்டார். கை மார்புக்குப் போகவில்லை, மேசை விளிம்பைத்தான் பிடித்தது. கண்களில் வலி இல்லை. பள்ளிக்கூடத்தில் பதில் மறந்துபோன பிள்ளையின் கண்கள் மாதிரி இருந்தன. பிறகு மெதுவாகத் தரையில் உட்கார்ந்தார். வெளியே தூக்கி வந்து முகமூடியை அவிழ்த்தபோது அவர் சொன்ன முதல் வார்த்தை, "தைலத்த எடு."

மருத்துவமனையில் ரத்தக்குழாய் வழியாகக் குழலை விட்டுப் பார்த்தார்கள். அன்று அவர் கணவர் ஜோகூரில் இருந்ததால் மருத்துவர் பேசும்போது நான்தான் கட்டிலருகே இருந்தேன். மருத்துவர் இளம் தமிழ்ப் பெண். பொறுமையாகச் சொன்னார். குழாய்களில் அடைப்பு எதுவும் இல்லை. ஆனால் இதயத்தின் இடது கீழறை சரியாகச் சுருங்காமல் பலூன்போல ஊதி நிற்கிறது. நீண்ட நாள் அழுத்தமோ திடீர் அதிர்ச்சியோ வரும்போது உடம்பு ஆபத்துக்கென்று சுரக்கும் ரசாயனங்கள் அளவுமீறிப் போய் இதயத் தசையை மரத்துப்போகச் செய்துவிடும். பெரும்பாலும் சில வாரங்களில் தேறிவிடும், ஆனால் திரும்பவும் வரலாம். ஓய்வும் மருந்தும் வேண்டும். அதைவிட முக்கியமாக, வாழ்க்கையில் எது இப்படி நெருக்குகிறதோ அதைக் குறைக்க வேண்டும். அக்கா எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அடைப்பு இருக்கா, இல்லயா டாக்டர்?"

"அடைப்பு இல்லம்மா. ஆனா..."

அந்த ஆனாவுக்குப் பிறகு வந்தது எதுவும் அவருக்குள் போகவில்லை. மாலையில் பார்க்க வந்த எல்லாரிடமும், "அடைப்பு இல்லயாம். காத்துதான்" என்றார். வந்தவர்களுக்கும் அது நிம்மதியாக இருந்தது. பக்கத்துக் கட்டில் மலாய் அம்மாள் தன் பையிலிருந்து ஒரு தைலக் குப்பியை எடுத்து நீட்டினார்.

ஓய்வு முடிந்து மறுபடி பரிசோதித்தார்கள். இதயம் பழைய வடிவத்துக்குத் திரும்பியிருந்தது. எண்கள் எல்லாம் சரி. பயிற்சி அறையில் இலகுவான வேலை தருகிறோம் என்று அலுவலகத்தில் சொன்னார்கள். அது உடம்பு முடியாதவர்களுக்குக் கொடுக்கிற வேலை என்று மறுத்துவிட்டார். இரண்டு வரிசைக்கும் திரும்பினார். திரும்பி வந்த முதல் நாள் காலையில் பேருந்தில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். எப்படிச் சொல்வது என்று இரவே யோசித்து வைத்திருந்தும் எனக்குத் தெரிந்த மொழியில்தான் சொல்ல வந்தது.

"அக்கா, எங்க லேப்ல பாஸ் ஆனதயும் திருப்பி லைனுக்கு அனுப்ப மாட்டோம். ஞாபகம் இருக்கா?"

என்னை ஒரு நொடி பார்த்தார். பிறகு சத்தமாகச் சிரித்தார். "நான் என்ன சாமானா? சாமானுக்குக் காத்து புடிக்குமா?" முன்னால் திரும்பி, "அண்ணே, கேட்டீங்களா, இந்த இஞ்சினியர் என்னக் குப்பையில போடப் பாக்குது" என்றார். பேருந்து சிரித்தது. குப்பி வெளியே வந்தது, சன்னல் திறந்தது. கடலுக்கு மேல் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கப்பல்கள் நின்ற இடத்திலேயே நின்றன.

பல மாதங்கள் ஒன்றும் ஆகவில்லை. நான் சொன்னது பொய்யாகிவிட்டதில் எனக்கும் சந்தோஷம்தான். இரண்டாவது முறை வந்தபோது தொழிற்சாலையில் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, சந்தையில் மீன் வாங்கிக்கொண்டிருக்கும்போது. யாரும் அவரை ஒன்றும் சொல்லவில்லை, அவசரமும் இல்லை. நாள் முழுக்கச் சும்மா இருக்கக் கிடைத்த முதல் நாளில் உடம்பு கீழே உட்கார்ந்துவிட்டது. இந்த முறை இதயம் முழுதாகத் திரும்பவில்லை.

போன மாதம் அவரைப் பார்க்கப் போனேன். மின்தூக்கிக்குப் போகும் கொஞ்ச தூரத்துக்கே இரண்டு இடத்தில் நிற்க வேண்டியிருக்கிறது என்றார். மேசையில் மாத்திரைப் பெட்டி, அதன் பக்கத்தில் பச்சைக் குப்பி. வீடு முழுக்கத் தைல வாசனை. இப்போது அதை எந்தப் பாலம் முடிவதற்குள்ளும் விரட்ட வேண்டியதில்லை. இரண்டு வரிசைக்கும் இப்போது இரண்டு தலைவர்கள் வந்துவிட்டார்கள் என்றேன். "பாத்தியா, ஆளு கெடைக்குது" என்றார், யாரையும் குறை சொல்லாத குரலில். மைலோ போட்டுத் தரட்டுமா என்று எழுந்தவரை உட்காரவைத்து நானே போட்டேன். குடித்துக்கொண்டிருந்தபோது திடீரென்று கேட்டார்.

"அந்தப் பாஸ் ஆனதெல்லாம் இப்பவும் தூக்கித்தான் போடுறீங்களா?"

"ஆமாக்கா."

குவளையை மேசையில் வைத்தார். "நல்லதுதான். அதுங்களுக்காச்சும், போதும்னு சொல்ல ஒரு சட்டம் இருக்கு."

கிளம்பும்போது அந்தக் குப்பியை என் கையில் திணித்தார். அவரிடம் இன்னும் நிறைய இருக்கிறதாம். எல்லாரும் வரும்போது அதையே வாங்கி வருகிறார்களாம்.

இன்று காலை பேருந்து விரைவுச்சாலையில் ஏறியதும் அதை எடுத்தேன். சில வாரங்களாக விழிக்கும்போதே எனக்குத் தாடை வலிக்கிறது. என் பிரிவிலிருந்து ஒருவர் போய்விட்டார், அவருடைய அடுப்புகளையும் நான்தான் பார்க்கிறேன். என்னிடம் கேட்டபோது முடியும் என்றுதான் சொன்னேன். விரலில் ஒரு சொட்டு விட்டுக்கொண்டு நெற்றிப்பொட்டில் வைத்தேன். கண் எரிந்தது. யாரும் சொல்லாமலே என் கை சன்னலைத் திறந்தது. ஓட்டுநர் அண்ணன் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். இந்த முறை கேலி செய்யவில்லை.

"என்ன தங்கச்சி, நீயுமா? காத்தா?"

பாலம் பாதிகூட முடியவில்லை. குப்பியை மூடினேன்.

"இல்லண்ணே," என்றேன். "காத்து இல்ல. அந்தப் பக்கம் எறங்குனதும் க்ளினிக்கிட்ட கொஞ்சம் நிப்பாட்டுங்க."