அழிக்கச் சொன்ன கேசட்

கேசட்டைக் காதோரம் வைத்து இரண்டு ஆட்டு ஆட்டிப் பார்த்த பிறகே அங்கப்பன் அதை வீடியோ டெக்குக்குள் விடுவார். உள்ளே ஏதாவது கடகடத்தால் முகம் சுருங்கிவிடும். அடுத்து, பனியன் துணியில் ஸ்பிரிட்டைத் தொட்டு டெக்கின் ஹெட்டைத் துடைப்பார். சோமனூரில் காற்றிலேயே பஞ்சு பறக்கிறது; மனிதன் மூக்கில் ஏறுவது டெக்குக்குள் ஏறாதா? ஒருநாள் துடைக்காமல் விட்டால் ஊரிலுள்ள டி.வி.யெல்லாம் கோடு கோடாக அழும். "நாம தும்முனா நமக்கு மட்டுந்தானுங்க. இது தும்முனா ஊருக்கே சளி" என்பார்.

வீட்டின் முன்னறைதான் அவருடைய கேபிள் நிலையம். ஜன்னல் வழியாகக் கிளம்பும் கறுப்பு ஒயர் முருங்கை மரத்தில் ஒரு சுற்றுச் சுற்றி, தறிகுடோன் கூரைகள் மேலேறித் தெருத்தெருவாகப் போகிறது. மத்தியானம் ஒரு படம். ராத்திரி ஷிப்டு முடிந்து வருகிறவர்களுக்காக அதையே காலையில் மறுபடி போடுவார். தேய்ந்துபோன படத்துக்குப் பதிலாக நல்ல பிரதி வாங்கக் காந்திபுரத்துக்குப் பஸ் ஏறுவார். வாங்கி வந்ததை முதலிலிருந்து கடைசிவரை தானே உட்கார்ந்து பார்ப்பார். பார்த்த பிறகும் பழசைத் தூக்கிப் போட மாட்டார். கட்டிலுக்கடியில்கூட அரிசி மூட்டைக்கு இடமில்லை என்பது அவர் மனைவி ராசாத்தாளின் தீராத வருத்தம்.

பழசை விட இப்படிப் பயப்படக் காரணம் உண்டு. கேபிள் ஆரம்பித்த புதிதில், புதுப் பிரதி வந்த மிதப்பில் பழைய கேசட்டின்மேல் வேறு படத்தைப் பதிந்துவிட்டார். புதுப் பிரதியோ கிளைமாக்ஸுக்கு முன்னாலேயே தீர்ந்துபோயிற்று. மறுநாள் தறிக்குப் போகிற பெண்கள் வழிமறித்து, கதாநாயகி செத்தாளா பிழைத்தாளா என்று கேட்க, மனுஷர் வாரம் முழுக்க வாயாலேயே கிளைமாக்ஸ் ஓட்டினார். இளகிய மனசுக்காரர்களிடம் பிழைத்துவிட்டாள் என்றே சொன்னாராம்.

மாரியம்மன் நோம்பித் திருவிழாவுக்கு வாடகைக் கேமரா எடுத்துவந்து தானே படம்பிடிப்பார். ஊரில் அதிகம் ஓடும் படம் அதுதான். தன் முகம் வந்து போகும்வரை யாரும் அடுப்பைப் பற்றவைப்பதில்லை. மாதம் ஒருதரமாவது மறுபடி போடச் சொல்லி நச்சரிப்பார்கள். போன வருஷ நோம்பிப் படத்தில் மாவிளக்குத் தட்டோடு கோகிலவாணி வருவாள். பொங்கியண்ணனின் ஒரே மகள், தாயில்லாமல் அவர் கையால் வளர்ந்தவள். கேமராவைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு, பிறகு மெதுவாக எட்டிப் பார்த்துச் சிரிப்பாள். நோம்பி முடிந்த கையோடு, கோயமுத்தூரில் லேத் பட்டறையில் வேலை பார்க்கும் பிராங்க் என்ற பையனைப் பதிவுக் கல்யாணம் செய்துகொண்டு போய்விட்டாள்.

பொங்கியண்ணன் பெரிய தறிக்காரர். சேனல் பிடிக்கிற அங்கப்பனின் டிஷ் நிற்பதே அவர் வீட்டு மொட்டைமாடியில்தான். வாடகை என்று எதுவும் வாங்கியதில்லை. மகள் போனதும் அவர் நேரே அங்கப்பன் வீட்டுக்கு வந்து நின்றார்.

"அந்தப் புள்ள வார எடத்தையெல்லாம் அழிச்சுபோடு அங்கப்பா. எனக்கு அப்பிடியொரு புள்ளயே இல்ல."

மறுத்தால் அன்றைக்கே டிஷ் கீழே இறங்கும், கூடவே பிழைப்பும். அங்கப்பன் தலையாட்டினார். அவள் வரும் இடங்களில் கோயில் விளக்குக் காட்சியைச் சேர்த்து, ஊருக்குக் காட்ட ஒரு பிரதி தயாரித்தார். அசலை அழிக்க மட்டும் கை வரவில்லை. ராசாத்தாளின் பழைய சேலையில் சுற்றி அலமாரிமேல் தள்ளிவிட்டு, அழித்தாயிற்று என்று போய்ச் சொன்னார். அன்றிலிருந்து டிஷ்ஷைத் திருப்ப அந்த மாடிப்படி ஏறும்போதெல்லாம் பொங்கியண்ணன் கண்ணில் படாமல் நழுவப் பார்ப்பார்.

இந்த வருஷ நோம்பி சாட்டி ஊருக்கு அறிவித்த மறுநாள் மத்தியானம் பொங்கியண்ணன் வந்தார். டிஷ்ஷில் காக்கா உட்கார்ந்து அசிங்கம் பண்ணுவதாகச் சொன்னார். நூல் விலையைத் திட்டினார். ராசாத்தாள் கொடுத்த மோரைக் குடித்து முடித்தார். அப்படியும் எழுந்திருக்கவில்லை. காலி டம்ளரைக் கைக்குள் உருட்டிக்கொண்டே இருந்தார்.

"போன நோம்பி கேசட்ட... நெசமாவே அழிச்சுபோட்டியா?"

ஆமாம் என்று சொல்லிவிட்டால் டிஷ் தப்பிக்கும். ஆனால் எதிரில் இருந்த மனிதர் கூலி கேட்டு நிற்கும் ஆளைப்போலக் கூசிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பார்க்கவே பாவமாக இருந்தது.

"இல்லீங்க. உங்ககிட்டப் பொய் சொல்லிப்போட்டனுங்க."

அவர் கோபிக்கவில்லை. துண்டால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டார். "ஒருக்கா போடு கண்ணு" என்றார்.

ஒரு டெக்கில் ஊருக்கான படம் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அங்கப்பன் சேலை மூட்டையைப் பிரித்து, கேசட்டை இன்னொரு டெக்கில் போட்டார். அதிலிருந்து ஒயர் எதுவும் வெளியே போகவில்லை என்று ஒருமுறைக்கு இருமுறை பார்த்துக்கொண்டார். மாவிளக்குத் தட்டுகள் வரிசையாக வரத் தொடங்கியதும் ராசாத்தாளுக்குக் கண்ணைக் காட்டினார். இருவரும் வெளியே வந்துவிட்டார்கள்.

ஷிப்டு விட்டு ஆட்கள் தெருவில் வந்துகொண்டிருந்தார்கள். வாசலில் பொங்கியண்ணனின் செருப்பு கிடந்தது. அந்தத் தடித்த வார்ச் செருப்பு யாருடையது என்று ஊரில் தெரியாதவர் கிடையாது. அங்கப்பன் குனிந்து அதை இரண்டு கையாலும் எடுத்தார். அறைக்குள் டி.வி. இருந்த பக்கம் தலையைத் திருப்பாமல், கதவுக்கு உள்பக்கமாக ஓரத்தில் வைத்துவிட்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார்.