வேரில் ஏறிய பழுப்பு
ஹெய்லி குடியை விட்டு நூற்றுப் பதினெட்டு நாள் ஆகியிருந்தது. அதை ஒருத்தரும் நம்பவில்லை. குடிகாரி பேச்சை யார் நம்புவார்கள்? முடி சொல்லட்டும் என்றது நீதிமன்றம். மூன்று மாதக் குடி முடியில் தெரியுமாம். தெரியாவிட்டால், வளர்ப்பு வீட்டில் இருக்கும் நாலு வயது ஐவி அம்மாவிடம் திரும்பி வரலாம்.

ஹெய்லிக்குப் பிழைப்பே முடிதான். இங்கிலாந்தின் கிரிம்ஸ்பி ஊரில் மீன் கிடங்குகளுக்குப் பின்னால் மொரீனின் சலூனில் பதினோரு வருடமாக ஊர்ப் பெண்களுக்குச் சாயம் போடுகிறாள். குடித்துவிட்டுப் பகலெல்லாம் சுருண்டு தூங்கிய நாட்களில் தன் தலையைத்தான் கவனிக்கவில்லை. போட்டிருந்த மஞ்சள் சாயம் இறங்கி, வேரிலிருந்து சொந்தப் பழுப்பு நிறம் ஏறிவிட்டது. வாராந்தரச் சந்திப்பில் ஐவி அதைப் பார்த்து நாற்காலிக்குப் பின்னால் ஒளிந்தாள்.

"இது தூங்குற அம்மா," என்றாள்.

திங்கட்கிழமை, சலூன் மூடியிருந்தது. "உட்காருடி இங்க. பெத்த பிள்ளையே பயப்படுற மாதிரியா தலைய வச்சிருப்ப? அதுவும் சலூன்காரி!" என்று மொரீன் அவள் முடியை மருந்து போட்டு வேர்வரை மஞ்சளாக வெளுத்துவிட்டாள். புதன்கிழமை ஐவி ஓடிவந்து மடியில் ஏறிக்கொண்டாள். வியாழக்கிழமை சோதனைக்கு முடி வெட்டி எடுத்தார்கள்.

முடிவு வந்ததும் ஹெய்லியின் வக்கீலம்மா போனில் கூப்பிட்டாள்.

"குடிச்ச தடயமே இல்ல, ஹெய்லி. ஆனா வெளுக்குற மருந்து தடயத்தையும் சேர்த்து அழிச்சிடுமாம். அதனால இந்தச் சோதனை செல்லாதுங்கறாங்க."

"நான்தான் குடிக்கலையே."

"முடி வேலை தெரிஞ்சவங்க, மறைக்கத்தான் வெளுத்தாங்கன்னு எதிர்த்தரப்புல சொல்றாங்க. ஏங்க, இப்பப் போயா வெளுப்பீங்க?"

"ஐவி பயந்தா," என்றாள் ஹெய்லி.  கோபம்கூட வரவில்லை.

புது முடி மூன்று சென்டிமீட்டர் வளரட்டும், அதுவரை சாயம் கூடாது என்றார் நீதிபதி. மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர். ஹெய்லி தினமும் வேலைக்குப் போனாள், ஊர்த் தலைகளை மஞ்சளாக்கினாள், வீட்டுக்கு வந்து டீ போட்டுக் குடித்தாள். காலையில் கண்ணாடி முன் நின்று பழுப்பை அளந்தாள். அது வளர்வதில் சந்தோஷமும் இல்லை, துக்கமும் இல்லை.

இரண்டாவது மாதக் கடைசியில் ஐவி சந்திப்பு அறைக்குள் ஓடிவந்தாள். பாதி வழியில் நின்று அம்மாவின் தலையில் ஏறியிருந்த பழுப்பைப் பார்த்தாள்.

"வா கண்ணு," என்றாள் ஹெய்லி.

ஐவி, வளர்ப்பு வீட்டிலிருந்து கூட வந்த பெண்ணிடம் திரும்பினாள். "அம்மா மறுபடியும் தூங்கிட்டாங்க. வீட்டுக்குப் போலாம்," என்று தன் கோட்டை எடுக்கக் கை நீட்டினாள்.