மாடிப் போர்ஷன் மீட்டர்

நானும் அக்காவும் பீர்க்கன்கரணையில் ஒரே வீட்டில் நான்கு வருடம் பேசாமல் இருந்தோம். அவள் மாடியில், நான் கீழே. அத்தான் அவளை விட்டுவிட்டுப் போன அன்று, ஆறுதல் சொல்ல வேண்டிய நேரத்தில், "உன் வாய்க்கு எவன்தான் இருப்பான்?" என்று கேட்டுவிட்டேன். என் வாய் அப்படி. அதோடு பேச்சு நின்றது.

கல்யாணம் ஆகாத எனக்கு அவளை விட்டால் யாரும் கிடையாது. ஆனாலும் வீம்பு. படியேறிப் போய் விசாரிக்க மனம் வராது, விசாரிக்காமல் இருக்கவும் முடியாது. நல்லவேளையாக, மாடிப்படிக்கு அடியில் இரண்டு வீட்டு மீட்டர்களும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. கறுப்புப் பெட்டி, கண்ணாடிக்குள் சுழலும் சக்கரம்.

அக்கா கூடுவாஞ்சேரியில் டீச்சர். ஃப்ரிட்ஜ் வாங்கவில்லை. கிளம்பும்போது ஒரு சுவிட்ச் விடாமல் அணைத்துவிடுவாள். வீட்டில் இருந்தாலோ மார்கழியிலும் அவளுக்கு ஃபேன் ஓட வேண்டும். ஆகவே சக்கரம் சுற்றினால் அக்கா இருக்கிறாள். காலையில் வேகமெடுத்தால் புடவைக்கு இஸ்திரி போடுகிறாள். ஏரிக் கொசுவுக்குப் பயந்து ஜன்னலைச் சாத்தியே வைத்திருப்பாள், வெளிச்சம்கூடத் தெரியாது. எனக்குச் சக்கரம் போதும். ஒருநாள் மாலை அது சுற்றவே இல்லை. எட்டரை மணிவரை கேட்டருகில் தவித்துக்கொண்டு நின்றேன். ஏதோ கல்யாண வரவேற்புக்குப் போய்விட்டு மல்லிகைப்பூவோடு வந்தாள். நான் கேட்டைப் பூட்ட வந்தவன்போல் நடித்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, அக்கா பள்ளிக்குப் போன பிறகு, எலக்ட்ரானிக் மீட்டர் மாட்ட ஆள் வந்தார். புது மீட்டர் தாறுமாறாக ஓடுகிறது என்று அப்போது தாம்பரம் முழுக்கப் பேச்சு. நான் அவரைப் பிடித்துக்கொண்டேன்.

"நானா சார் ஓட்றேன் அத்த? இன்னா சார் நீ! இத்தக் கேளு. இந்த செவப்பு லைட்டு கீது பாரு, அது இன்னாத்துக்குன்னா..."

"லைட் கதையெல்லாம் வேணாம். ஓவரா ஓடாதுன்னு எழுதிக் குடு!"

அவர் கும்பிடு போட்டுவிட்டு, பழைய மீட்டர்களைச் சாக்கில் கட்டி எடுத்துக்கொண்டு போனார். எனக்கு ஆபீசுக்கு நேரமாகிவிட்டது.

இரவு ஏழு மணிக்குத் திரும்பியதும் பார்த்தேன். அக்காவின் மீட்டரில் சிவப்பு விளக்கு எரிந்தது. வந்துவிட்டாள், ஃபேன் ஓடுகிறது என்று நிம்மதியாகச் சாப்பிட்டுப் படுத்தேன். சனிக்கிழமை காலையிலும் எரிந்தது. காபியும் பேப்பருமாக உட்கார்ந்தேன்.

பத்து மணிக்கு அவள் பள்ளி டீச்சர் ஒருவர் வந்தார். "ஸ்பெஷல் கிளாசுக்கு வரலையே சார், உடம்பு சரியில்லையா?"

"மேலதான் இருக்கா மேடம். மீட்டர் ஓடுதே," என்றேன், எழுந்திருக்காமலே.

அவர் ஏறிப் போனார். அலறல் கேட்டுத்தான் நான் ஓடினேன். கதவு வெறுமனே சாத்தியிருந்திருக்கிறது. உள்ளே நிலையை ஒட்டி அக்கா கிடந்தாள். தோளில் சாப்பாட்டுப் பை, ஒரு காலில் செருப்பு. வெள்ளிக்கிழமை சாயந்திரம் வந்தவள், ஃபேன் சுவிட்ச்வரைகூடப் போகவில்லை.

"நேத்தே கொண்டு வந்திருந்தா ஏதாவது பண்ணியிருக்கலாம் சார்," என்றார் டாக்டர். மூன்று நாள் இருந்தாள். ஒருமுறை கண்ணைத் திறந்து என்னையே பார்த்தாள், கோணிய வாய் அசைந்தது. திட்டத்தான் பார்த்தாளோ என்னவோ. திட்டியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

காரியமெல்லாம் கீழேயே நடந்தது. மாடியைப் பூட்டியே வைத்திருந்தேன். அடுத்த கணக்கெடுப்புக்கு வந்தவர், "மேல யாரும் இல்லையா சார்?" என்றார். சிவப்பு விளக்கு அப்போதும் எரிந்துகொண்டிருந்தது. அது ஏன் எரிகிறது என்று அன்றுதான் கேட்டேன்.

"அது கம்பத்துலேர்ந்து கரண்ட் வருதுன்னு அர்த்தம் சார். ஆள் இருந்தாலும் இல்லாட்டியும் எரியும். வூட்ல ஏதாவது ஓடினா, கீழ இருக்கற சின்ன லைட்டுதான் மின்னும்."

மீட்டர்மேல் பழியைப் போட்டுவிட எனக்கும் ஆசைதான். ஆனால் அந்த மாடிக்குப் பதினாறே படிகள்.

அவர் அக்கா பெயர் போட்ட வெள்ளை அட்டையை வாங்கி, புது மீட்டர் ஓடிய யூனிட்டைக் குறித்துத் திருப்பிக் கொடுத்தார். சைபர்.